இரண்டு காபரேற்றரும் மாமியின் ஒரு காதும்

நம் வயதில் எல்லாருக்கும் காது கொஞ்சம் மந்தம்தான். பக்கத்தில் இருப்பவர் என்ன சொன்னார் என்று தெரியாமலே தலையாட்டிப் பழகிவிட்டோம். மகன் ஒரு கருவி வாங்கித் தந்தான். அதை மாட்டினால் மின்விசிறியும் தெருநாயும் ஒரே அளவில் கேட்கின்றன. மனிதர் கதைப்பது மட்டும் கேட்பதில்லை. கழற்றி மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன். இனிக் கேட்டு என்ன ஆகப்போகிறது என்ற அலுப்பும் உண்டு. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். இல்லையென்று சொன்னால் நம்பமாட்டேன்.

காது என்றால் எனக்கு மாமியின் நினைவு வரும். அப்பாவின் ஒரே தங்கை. சின்ன வயதில் நெருப்புக் காய்ச்சல் வந்து அவரது இடது காது முழுதாகப் போய்விட்டது. வலது காது மட்டும்தான். யாராவது கூப்பிட்டால் முகத்தைத் திருப்பமாட்டார், காதைத் திருப்புவார். பார்ப்பவர்களுக்கு அது கர்வம்போலத் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் இடது பக்கமாக உட்கார்ந்து ஏதோ கேட்க, மாமி பேசாமல் இருக்க, எழுந்து போய்விட்டார்கள். அப்படி எத்தனை பேர் வந்து போனார்கள் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நினைவு தெரிந்த காலத்தில் வருவது நின்றுவிட்டிருந்தது.

அப்பா அரசாங்க நீர்ப்பாசனப் பகுதியில் வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியர். யாழ்ப்பாணத்தை விட்டு வந்து இரணைமடுக் குளக்கட்டுக்குக் கீழே, பகுதி தந்த வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, மாமி, நான். வீட்டுக்குப் பின்னால் வேலியோடு ஒட்டியபடி பகுதிக்குச் சொந்தமான ஒரு பெரிய தகரக் கொட்டில். உடைந்த வாய்க்கால் கதவுகள், தார்ப் பீப்பாய்கள், சிமெந்துச் சாக்குகள் அதற்குள் கிடந்தன. தார் வெயிலில் இளகும் மணம் எங்கள் குசினி வரைக்கும் வரும். சோற்றில்கூட அந்த மணம் இருப்பதாக அம்மா சொல்லுவா.

அந்த வருடம் மாசியில் புதிய எஞ்சினியர் வந்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்தவர், வேதக்காரர், கலியாணம் ஆகாதவர். அவர் வந்து சில நாட்களில் அவருடைய காரும் வந்தது. நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரையிடமிருந்து வாங்கியது. பச்சை நிறம், கூரையில்லை, இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். முன்பக்கம் நீளமாக இருக்கும்; எஞ்சினை மூடும் பொனற்றின் குறுக்கே ஒரு தோல் பட்டி. கிளிநொச்சியில் அப்போது ஓடியவை லொறிகளும் பஸ்களும் ஒன்றிரண்டு வாடகைக் கார்களும்தான். எல்லாம் முனகிக்கொண்டு போகும். இந்தக் கார் ஒரு தினுசாக உறுமும். குளக்கட்டில் மேய்ந்த எருமைகள் தலை தூக்கிப் பார்த்தன.

எஞ்சினியரின் வீட்டில் காருக்கு நிழலில்லை. அதனால் எங்கள் வேலிக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் நிறுத்தினார். ஞாயிறு காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் கொழுவிவிட்டு, பெனியனோடு பொனற்றைத் திறப்பார். ஆவணியில் மலைநாட்டில் ஒரு கார் ஓட்டப் போட்டி. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் பாதை. ஒவ்வொரு காராக ஏறவேண்டும். யார் விரைவாக மேலே போகிறாரோ அவருக்கு வெற்றி. அதற்குத்தான் அந்தக் காரைத் தயார் செய்தார்.

காபரேற்றர் என்றால் என்ன என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். பெற்றோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் பாத்திரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லொறிக்கு ஒன்று இருக்கும். அந்தக் காருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்றாக இரண்டு. எஞ்சினின் பாதிக்கு ஒன்று, மற்றப் பாதிக்கு மற்றது. இரண்டும் ஒரே அளவில் மூச்சிழுக்க வேண்டும். ஒன்று கூட இழுத்தால் மற்றது சோம்பிப்போகும், கார் நொண்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் பித்தளை ஊசியொன்று தொங்கும். தையல் ஊசியைவிடத் தடித்தது, நுனி போகப் போக மெலிந்தது. ஊசி மெலிந்தால் பெற்றோல் கூடப் போகும், தடித்தால் குறையும். எஞ்சினியரிடம் தகரப் பெட்டி நிறைய அப்படியான ஊசிகள் இருந்தன. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். எதைப் போடுவது என்று தெரிவதுதான் வித்தை.

அவருக்கு ஒரு குறை இருந்தது. வாய்க்கால் வெட்டப் பாறைக்கு வெடி வைக்கும் இடங்களில் பல வருடம் நின்றதால் காதுக்குள் எப்போதும் ஓர் இரைச்சல். காபரேற்றரின் மூச்சைக் கேட்க ஒரு றபர் குழாய் வைத்திருந்தார். ஒரு நுனியைக் காபரேற்றரின் வாயிலும் மறு நுனியைக் காதிலும் வைப்பார். முகத்தைச் சுளிப்பார். மற்றக் காபரேற்றருக்குப் போவார். திரும்ப முதலாவதுக்கு வருவார். அவருடைய காதின் இரைச்சல் எது, காபரேற்றரின் இரைச்சல் எது என்று அவருக்கே பிடிபடவில்லை.

ஒரு ஞாயிறு அம்மா மாமியிடம் தேத்தண்ணி கொடுத்துவிட்டா. நானும் பின்னால் போனேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாமி தேத்தண்ணியைப் பீப்பாயின் மேல் வைத்துவிட்டுத் திரும்பாமல் நின்றார். வலது காதைச் சற்றுச் சாய்த்தார்.

"ஐயா, உது ரெண்டும் ரெண்டு சத்தம்," என்றார்.

எஞ்சினியர் நிமிர்ந்தார். "எப்படி?"

"முன்னாலை உள்ளது பால் பொங்கப் போற நேரம் வாற சத்தம். பின்னாலை உள்ளது காய்ஞ்ச தோசைக்கல்லிலை தண்ணி தெளிச்ச மாதிரி."

எஞ்சினியர் சிரிக்கவில்லை. றபர் குழாயை நீட்டினார். "இதால ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க."

மாமி வீட்டுப் பக்கம் பார்த்தார். பிறகு வாங்கினார். குழாயை வலது காதில் வைத்ததும் அவருக்கு உலகத்தில் வேறெந்தச் சத்தமும் இல்லை. நமக்கானால் மற்றக் காதால் காகமும் காற்றும் வந்து கலக்கும். அவருக்கு அந்தக் கதவு காய்ச்சலோடு மூடிப்போயிற்று. எஞ்சினியர் திருகாணியை மெல்லத் திருப்பினார். மாமி கண்ணை மூடியபடி கையை உயர்த்தினார், தாழ்த்தினார், பிறகு விரல்களை மடக்கினார். எஞ்சின் நொண்டுவதை விட்டு ஒரு சீராக ஓடத் தொடங்கிற்று. அந்தச் சீரை நான்கூடக் கேட்டேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும். அம்மா என்னைக் கூப்பிட்டு, "மாமியோடை போய் இரு பிள்ளை. எங்கையும் ஓடாதை," என்று அனுப்புவா. எனக்குக் காவல் வேலை என்று அப்போது தெரியாது. சிமெந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து புளியங்கொட்டை விளையாடுவேன். சாக்கிலிருந்து பறக்கும் தூள் மூக்கில் ஏறும். பெற்றோல் மணம், சூடேறிய எண்ணெயின் மணம், தகரத்தில் வெயில் காய்ந்து டக் டக்கென்று விரியும் சத்தம். நல்ல வெயில் நேரத்தில் காபரேற்றருக்குள்ளேயே பெற்றோல் கொதித்துவிடும். எஞ்சின் நின்றால் பிறகு கிளம்பாது. மாமி கிணற்றில் சாக்கை நனைத்து வந்து அதன்மேல் போடுவார். சாக்கிலிருந்து ஆவி எழும்.

புழுதிக்காக மாமி வேறொன்றும் செய்தார். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து இரண்டு காபரேற்றரின் வாயிலும் கட்டிவிட்டார். மறுநாள் எஞ்சினியர் குளக்கட்டுக்கு ஓட்டிப்போய் வந்து அவிழ்த்துப் பார்த்தார். துணி செம்மண் நிறமாகியிருந்தது.

அவர்கள் என்ன கதைத்தார்கள் என்றுதானே கேட்கிறீர்கள். அம்மாவும் அதைத்தான் கேட்டா.

"என்ன பிள்ளை கதைக்கினம்?"

"ஊசி மாத்த வேணுமாம்."

"பிறகு?"

"பின்னாலை உள்ளது கூட இழுக்குதாம். பிளக்கைக் கழட்டிப் பாத்தவை. கறுப்பாக் கிடந்தா பெற்றோல் கூடவாம், வெள்ளையாக் கிடந்தா குறைவாம். தேத்தண்ணி நிறமா இருக்க வேணுமாம்."

"வேறை?"

"வேறை ஒண்டுமில்லை."

அப்பா கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "காலமை தொட்டு மத்தியானம் வரைக்கும் ஊசியைப் பற்றியோ கதைக்கிறது?" என்றார். என்னிடம் கேட்கவில்லை, அம்மாவிடம் கேட்டார். நான் உள்ளதைத்தான் சொன்னேன். அதை ஒருவரும் நம்பவில்லை. பெரியவர்களுக்கு ஓர் ஆணும் பெண்ணும் ஊசியைப் பற்றிக் கதைப்பார்கள் என்பது எட்டவே இல்லை. ஊசி என்றால் அவர்கள் வேறெதையோ நினைத்திருக்க வேண்டும்.

மாமி ஒரு நாளும் அந்தக் காரில் ஏறியதில்லை. எஞ்சினியர் ஒருமுறை கேட்டார். "குளக்கட்டு வரைக்கும் வந்தா ஏற்றத்தில எப்படிப் போகுதெண்டு கேக்கலாம்."

"வேண்டாம் ஐயா. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் இஞ்சை நிண்டு கேக்கிறன்."

நான் போனேன். வாய்க்குள் புழுதி, தலைமயிர் கண்ணுக்குள், குளத்துத் தண்ணீர் கண்ணாடித் துண்டுபோல ஓடிவந்தது. வேறொன்றும் நினைவில்லை. திரும்பி வந்தபோது மாமி கொட்டில் வாசலிலேயே நின்றார்.

"கட்டு ஏறேக்கை மூச்சடைக்குது ஐயா. சமதரையிலை சரி. ஏத்தத்திலை பெற்றோல் காணாது."

எஞ்சினியர் தகரப் பெட்டியைத் திறந்து வேறு ஊசி தேடினார். அரை மைல் தள்ளி ஓடிய காரின் குறையை ஒற்றைக் காதால் கேட்டுச் சொன்ன மாமியின் முகத்தில் பெருமை எதுவும் இருக்கவில்லை. பசி தீர்ந்தவரின் முகம்போல இருந்தது. அந்த முகத்தை நான் வீட்டில் கண்டதில்லை. வீட்டில் மாமி எப்போதும் எதையோ தவறவிட்டவர்போல, யாராவது கூப்பிட்டுவிட்டார்களோ என்று பயந்தவர்போல இருப்பார்.

ஊர் சும்மா இருக்குமா? பகுதியின் களஞ்சியப் பொறுப்பாளர் ஒருநாள் அப்பாவோடு எங்கள் வீட்டு வாசலில் நின்று சுருட்டுப் பிடித்தபடி கேட்டார், "என்ன ஓவசியர், எஞ்சினியர் ஐயா காரைச் செய்யிறாரோ, கலியாணம் செய்யிறாரோ?"

அப்பா சிரித்தார். அவர் போன பிறகு நெடுநேரம் வேலிப் படலையைப் பிடித்தபடி நின்றார். அப்பா கெட்டவர் அல்ல. எஞ்சினியர் அவருக்கு மேலதிகாரி, கொட்டிலும் பகுதியினுடையது. வராதே என்று சொல்ல வழியில்லை. மதமும் வேறு. தங்கையின் பெயர் கெட்டால் இருக்கிற கொஞ்ச வழியும் அடைபட்டுவிடும் என்று பயந்தார். பயந்தவர் ஒருமுறையாவது தங்கையைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். எங்கள் வீடுகளில் அப்படிக் கேட்கும் வழக்கம் இருக்கவில்லை. உங்கள் வீடுகளில் இருந்ததா?

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனோம். கூட்டத்துக்குள் முள்ளியவளையைச் சேர்ந்த ஒரு பெண் அம்மாவோடு நெருங்கி நின்று கதைத்தா. அவவின் தம்பி மனைவியை இழந்தவர், இரண்டு பொடியங்கள், தோட்டமும் வயலும் உண்டு. அந்தப் பெண் மாமியை மேலும் கீழும் பார்த்தா. மாமிக்கு அது தெரியாது. அவர் பஸ்கள் நிறுத்தியிருந்த பக்கம் காதைத் திருப்பி நின்றார். அந்தக் கதை அங்கேயே நின்றுபோயிற்று. அப்பாவுக்கு அவ்வளவு விருப்பமில்லை. "ரெண்டாந்தாரமாக் குடுக்கிறதோ?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆனியில் சோளகக் காற்றுத் தொடங்கிற்று. கொட்டிலின் தகரங்கள் அடித்துக்கொண்டன. எஞ்சினியர் மாமிக்கு ஒரு புதுச் சங்கதி சொன்னார். மலையில் உயரம் போகப் போகக் காற்று மெலிதாகுமாம். இங்கே சரியாக இருக்கும் கலவை அங்கே பெற்றோல் கூடிப்போய்ப் புகையும். ஆகவே இங்கே பெற்றோலைக் குறைத்துக் கொஞ்சம் காய்ந்ததாக வைத்தால்தான் அங்கே சரியாக வரும்.

மாமி யோசித்தார். "அப்ப இஞ்சை பிழையாக் கேக்க வேணும். அங்கை சரியாகிறதுக்கு."

"அதேதான்."

கடைசியாக அவர்கள் கொட்டிலில் இருந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காற்று ஓயவில்லை. மாமி குழாயைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். கையால் காட்டினார், பிறகு இல்லையென்று தலையாட்டினார், திரும்பவும் காட்டினார். முடிவில், "காத்து நிண்டாப் பிறகு இன்னொருக்காக் கேப்பம் ஐயா. எனக்கு முழு நம்பிக்கை இல்லை," என்றார்.

"வாற ஞாயிறு பாப்பம்," என்றார் எஞ்சினியர்.

அந்த வாரத்தில் ஒரு மாலை அவர் எங்கள் படலைக்கு வந்தார். வேலை நாள். வெள்ளைச் சேட்டும் நீளக் காற்சட்டையும் போட்டிருந்தார், கையில் கிறீஸ் இல்லை. மாமி கிணற்றடியில் இருந்தார், அம்மா குசினிக்குள். அப்பா படலையைத் திறக்கவில்லை; உள்ளே நின்றபடியே கதைத்தார். நான் யன்னலால் பார்த்தேன். எஞ்சினியர் ஏதோ விளக்கினார், வீட்டைக் காட்டினார், என்னைக்கூடக் காட்டியதுபோல இருந்தது. அப்பா குறுக்கிட்டு ஏதோ சொன்னார். எஞ்சினியர் சற்று நின்றார். பிறகு சிரித்து, படலைக்கு மேலால் கையை நீட்டி அப்பாவின் கையைக் குலுக்கினார். போய்விட்டார்.

சாப்பிடும்போது அப்பா சொன்னார், "எஞ்சினியர் ஐயா இனி இஞ்சை வரமாட்டார். காரைக் கொண்டுபோறாராம்."

மாமி குழம்பு விட்டுக்கொண்டிருந்தார். அகப்பையை நிறுத்தினார். "எங்கை அண்ணை?"

"கொழும்புக்கோ எங்கையோ. எனக்கென்ன தெரியும்?"

மறுநாள் அப்பா லீவு போட்டுவிட்டுப் பரந்தனுக்குப் போய், தர்மபுரம், விசுவமடு தாண்டி முல்லைத்தீவுப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினார். இரண்டாந்தாரம் என்று முகம் சுளித்தவர் வெற்றிலை பாக்கோடு முள்ளியவளைக்குப் போனார். வரும்போது ஆவணியில் முதல் முகூர்த்தம் என்று வைத்துவிட்டு வந்தார்.

எஞ்சினியர் காரை எடுத்துப்போன காலை மாமி குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கொட்டில் பக்கம் எஞ்சின் கிளம்பும் சத்தம் கேட்டது. மாமி எழும்பவில்லை. காதை மட்டும் திருப்பினார். கார் வேலியோரமாகப் போய், கட்டு வீதியில் ஏறி, தூரத்தில் மெலிந்து இல்லாமல் போகும் வரை அவருடைய கை துருவலையில் அசையாமல் இருந்தது.

"பின்னாலை உள்ளது கூட இழுக்குது," என்றார். அருகில் நான் மட்டும்தான் நின்றேன்.

கலியாணம் பெரிய ஆரவாரமில்லாமல் நடந்தது. மாமியிடம் சம்மதம் கேட்டதை நான் காணவில்லை. அழுததையும் காணவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு முள்ளியவளைக்குப் போனார். றபர் குழாய் கொட்டிலின் ஆணியிலேயே தொங்கிற்று. பிறகு அம்மா அதை எடுத்து, பெரிய கலனிலிருந்து மண்ணெண்ணெய் இறக்குவதற்கு வைத்துக்கொண்டா. சில வருடத்தில் வெடித்துப்போயிற்று. எறிந்தபோது ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

மாமியின் கணவர் நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார். பொடியங்கள் இருவரும் மாமியை அம்மா என்றே கூப்பிட்டார்கள். பள்ளி விடுமுறையில் நான் போவேன். தோட்டத்துக்கு அவர்கள் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் மிசின் ஒன்று வாங்கியிருந்தார்கள். அது நொண்டும், இருமும், நின்றுவிடும். ஒருநாள் அது அப்படி இருமிக்கொண்டிருக்க, திருத்துபவரைக் கூட்டிவர மாமா சைக்கிளில் போனார். மாமி மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மாமி, நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்."

"எனக்கு உது ஒண்டும் தெரியாது பிள்ளை," என்று எழுந்து உள்ளே போய் யன்னலைச் சாத்தினார். வயது போகப் போக வலது காதும் மந்தமாகிறது என்று மாமா சொன்னார். எனக்கு அது நம்பும்படியாக இல்லை. அடுப்பில் பால் பொங்க முன்பே முற்றத்திலிருந்து ஓடிவருபவருக்குக் காது மந்தமா?

வருடங்கள் போயின. அப்பா போய்விட்டார். எனக்குக் கலியாணமாகி, கணவரின் வேலை மாற்றத்தோடு கொழும்பில் இருந்தேன். ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டுக்காக வரிசையில் நின்றபோது, காதில் கருவி மாட்டிய ஒருவர் அருகில் வந்து உற்றுப் பார்த்தார்.

"நீங்க இரணைமடு ஓவசியர்ட மகள்தானே? சாக்குக்கு மேல இருந்து புளியங்கொட்டை விளையாடுவீங்க."

எஞ்சினியர். மயிர் முழுவதும் நரைத்திருந்தது. பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டினார். மாமியைப் பற்றிக் கேட்டார். முள்ளியவளையில் இருக்கிறா, சுகமாக இருக்கிறா என்றேன்.

"போட்டிக்கு அவவையும் கூட்டிப்போக வேணும் எண்டு உங்கப்பாட்ட வந்து கேட்டேனே. உங்க அம்மா, நீங்க, எல்லாரும் ஜீப்பில வாங்க, என் அக்கா வீட்டில தங்கலாம் எண்டேன். மேல போனா திரும்பவும் ட்யூன் பண்ண வேணும், அதுக்கு அவட காது வேணும். உங்கப்பா, தங்கச்சிக்குக் கலியாணம் முற்றாயிட்டுது, ஆவணியில முகூர்த்தம் எண்டார். நல்ல செய்தி எண்டு கையைக் குடுத்திட்டு வந்தேன்."

நான் தட்டைப் பிடித்தபடி நின்றேன். அவர் படலையில் நின்ற அன்று மாமிக்கு எந்தக் கலியாணமும் முற்றாகவில்லை. அப்பா ஒரு பொய்ச் சாட்டுச் சொன்னார். சொன்ன சாட்டை உண்மையாக்க மறுநாள் பஸ் ஏறினார். எஞ்சினியர் மாமியைப் பெண் கேட்க வருகிறார் என்றே அவர் நினைத்திருக்க வேண்டும், அல்லது அதைவிட மோசமாக. வந்தவர் கேட்டது ஒரு காதை, அதுவும் ஒரு வாரத்துக்கு.

"போட்டி என்னாச்சு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "எங்க ஆச்சு! அவ வைச்சுக் குடுத்ததை நான் கெடுத்திட்டேன். காத்துக்குள்ள கேட்டது, முழு நம்பிக்கை இல்லையெண்டு அவவே சொன்னா. நான் பயந்து, கொட்டிலில இருந்து காரை எடுக்க முந்தி பின்னால உள்ளதை மாத்தினேன். ரெண்டாவது வளைவில கரும்புகை. அப்படியே நிண்டிட்டுது. பிறகு வீட்டில வந்து ஆறுதலாக் கணக்குப் பாத்தா, அவ வைச்சதுதான் சரி."

அதைக் கேட்ட பிறகு அலுவலாக வவுனியா போனபோது, அங்கிருந்து முள்ளியவளைக்கும் போனேன். மாமா தோட்டத்தில். மாமி குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நல்ல காதின் பக்கம் பலகை போட்டு உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் சொன்னேன்.

மாமியின் கை மீன் சட்டிக்குள்ளேயே இருந்தது.

"கேட்டவரோ?" என்றார்.

"ஓம் மாமி."

"அண்ணையிட்டையோ?"

"ஓம். அப்பா உங்களுக்குச் சொல்லேல்லை."

கையை எடுத்து முந்தானையில் துடைத்தார். பிறகு, "நான் பிழையாக் கேட்டுப்போட்டன் எண்டுதான் நினைச்சிருந்தனான்," என்றார். "கார் போன நேரம் பின்னாலை உள்ளது கூட இழுத்தது எனக்குக் கேட்டது. நான்தான் காத்துக்குள்ளை பிழையா வைச்சுக் குடுத்திட்டன், அதுதான் மனுசன் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்டார் எண்டு. அதுக்குப் பிறகு எனக்கு இந்தக் காதிலையும் நம்பிக்கை இல்லாமல் போச்சுது."

"பிழை இல்லை மாமி. அவர்தான் மாத்தினவராம்."

"சரி."

அந்தச் சரிக்குள் சந்தோசம் இருக்கும் என்று எதிர்பார்த்து அவ்வளவு தூரம் வந்திருந்தேன். அவருடைய முகத்தில் களைப்புத்தான் இருந்தது. நெடுந்தூரம் தூக்கிவந்த சுமை தேவையில்லாதது என்று இறக்கும் இடத்தில் சொன்னால் யாருக்குச் சந்தோசம் வரும்? மீனைக் குழம்பில் போட்டார். எனக்குச் சாப்பாடு போட்டார். மூத்த பொடியனின் பெண்சாதிக்குப் பிள்ளை பிறக்கப்போவதைப் பற்றிக் கதைத்தார். எஞ்சினியரின் மனைவி எப்படி என்று கேட்கவில்லை.

பின்னேரம் பஸ்ஸுக்கு என்னோடு வீதி வரைக்கும் வந்தார். தெருவோரம் நிழலில் நின்றோம். தூரத்தில் பஸ் வருவதை எனக்கு முந்தி அவர் கேட்டார், "வருது" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அந்த இடைவெளியில்தான் அதைச் சொன்னார், வீதியைப் பார்த்தபடி.

"கொப்பரிலை, அண்ணையிலை கோவிச்சு இனி என்ன பிள்ளை. என்னட்டைக் கேட்டிருந்தாலும் நான் போயிருக்கமாட்டன். ஊர் என்ன கதைக்கும் எண்டு எனக்குத் தெரியாதோ? மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன்."

பஸ் புழுதியோடு வந்து நின்றது. நான் படியில் கால் வைத்தேன். மாமி என் பையைத் தூக்கித் தந்தார்.

"ஆனா அதை நான்தான் சொல்லியிருப்பன்," என்றார்.